வாசித்துக் காட்டாத பக்கம்

தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஜோன் தலோன் வீதியில் மழை தூறிக்கொண்டிருந்தது. விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த நீல விளம்பர மட்டையில் வேட்பாளராக எங்கள் லோயர், நான் வேலை செய்த வழக்கறிஞர், சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய வாய்க்கு மேலே யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். அவர் எழுதிய கடிதத்தின் பிரதி அது. ஒரு வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தது. ‘தவறு என் அலுவலகத்தில் நடந்தது, அதற்கு நானே பொறுப்பு.’ அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். அந்தத் தவறைச் செய்தவளும் நான்தான்.

பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. கிரேக்க நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகன் அவர். அதே தெருக்களில் வளர்ந்தவர். நான் அங்கே மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தபோது, வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். அவர்களைப் பார்த்ததும் “ஓம், ஓம், வாங்கோ” என்பார். அதற்குமேல் அவருக்குத் தமிழ் தெரியாது. அரசியலில் அவர் பழமைவாதிகளின் பக்கம். அகதிகளுக்காக வாதாடுகிற மனிதர் எப்படி அந்தப் பக்கம் நிற்கிறார் என்று என் கணவர் அடிக்கடி கேட்பார். நானும் ஒருநாள் அவரிடமே கேட்டேன். “என் அப்பா அரசாங்கத்திடம் ஒன்றும் கேட்டதில்லை. தன் பாரத்தைத் தானே சுமந்தார். நான் நம்புவது அவ்வளவுதான்” என்றார். மேசையில் தாள்களை ஓரம் பிசகாமல் அடுக்கிக்கொண்டேதான் பேசுவார். பொறுப்பு என்ற சொல்லை அவர் சொல்லாத நாள் இல்லை.

மன்னாரிலிருந்து வந்த ஒரு மீனவருக்கு, தேர்தல் வந்த வருடத்து இலைதுளிர் காலத்தில் அகதி மனு எழுதினோம். நாற்பது வயதிருக்கும். கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்திருப்பார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணை என்பேன். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். “இயக்கக்காரர் துவக்கோட வந்து கேட்டவை, தங்கச்சி. படகைக் குடுக்க வேண்டி வந்தது” என்றார். துப்பாக்கியையும் வற்புறுத்தலையும் விட்டுவிட்டு, ‘கேட்டார்கள், கொடுத்தேன்’ என்று எழுதினேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை ஓடியது, நாளைக்குத் திருத்தலாம் என்ற நினைப்பும் இருந்திருக்கலாம்.

மனு எழுதி முடித்த அன்று மணி ஐந்தரை. என் மகளை விட்டிருந்த கார்டெரியை, பிள்ளைகள் காப்பகத்தை, ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்கு முந்திய கிழமை பிந்திப் போனதற்கு, இன்னொரு முறை பிந்தினால் பிள்ளைக்கு இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள். எழுதியது முழுவதையும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, வாசித்துக் காட்டினேன் என்று நான் கையெழுத்துப் போடவேண்டும். அதுதான் சட்டம். முதல் இரண்டு பக்கங்களை வாசித்தேன். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, “நீங்கள் எழுதினது சரியாத்தான் இருக்கும். பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கும், போங்கோ” என்றார். அவரும் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். மகளைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும்போது நேரத்துக்கு வந்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான் மனதில் இருந்தது.

விசாரணையில் அவர் உண்மையைச் சொன்னார். வற்புறுத்தித்தான் படகை வாங்கினார்கள் என்றார். மனுவில் அப்படி இல்லையே, எது பொய் என்று விசாரித்தவர்கள் கேட்டார்கள். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. சுவரோரம் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். குற்றம்சாட்டுகிற பார்வை அல்ல அது. தங்கச்சி எடுத்துச் சொல்லுவாள் என்று நம்பிய பார்வை. நான் குனிந்துகொண்டேன். மனு நிராகரிக்கப்பட்டது.

அடுத்த நாள் காலை லோயர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கதவைத் தானே சாத்தினார். “முழுவதையும் வாசித்துக் காட்டினீர்களா?” என்று கேட்டார். பொய்க் கையெழுத்து என்று தெரிந்தால் வேலை போய்விடும், இனி எந்த அலுவலகமும் என்னைச் சேர்க்காது. என் கணவருக்கு அப்போது வேலை இல்லை. “ஓம்” என்றேன். ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு என் வாயில் வந்தது தமிழ். மேசையிலிருந்த தாள்களை ஓரம் பிசகாமல் அடுக்கினார். பிறகு, “சரி” என்றார்.

அன்று பின்னேரமே அந்தக் கடிதத்தை எழுதினார். மனுவில் பிழை நேர்ந்தது, அதைக் கவனிக்கத் தவறியது தான்தான் என்று. வேறொரு லோயர் அதை எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போனார். ஆனால் வாசித்துக் காட்டினேன் என்ற என் கையெழுத்து அங்கே இருந்தது. எழுதியிருப்பதைத் தெரிந்துதானே மீனவர் ஒப்பமிட்டார் என்று சொல்லிவிட்டார்கள். மீனவரைத் திருப்பி அனுப்பினார்கள். நான்கு நாள் கழித்து அவருடைய மனைவி மன்னாரிலிருந்து அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். “பிளேன் வந்திட்டுதாம், தங்கச்சி. இவரை இன்னும் காணேல்லை.” அடுத்த கிழமையும் எடுத்தார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எண் என் கையில் இருந்தது.

லோயர் அந்த வருடமே தேர்தலில் நின்றார். எதிரணியில் யாரோ அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்துவிட்டார்கள். தன்னை நம்பி வந்தவனையே கைவிட்டவர் என்று வீடு வீடாகப் பேசினார்கள். எங்கள் ஆட்களே கோயில் வாசலில் அப்படிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கூட்டங்களில் அவரிடம் கேட்டபோதெல்லாம், “என் அலுவலகம், என் பொறுப்பு” என்பதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. தோற்றார். அடுத்த முறை நகருக்கு வெளியே வேறொரு தொகுதியில் நின்று வென்று ஒட்டாவாவுக்குப் போனார். அங்கே அகதிச் சட்டத்தை இறுக்க வேண்டும் என்ற பக்கத்தில் கை உயர்த்தினார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த என் கணவர், “உன்ர லோயரைப் பார்” என்றார். நான் எழுந்து குசினிக்குள் போனேன். அவரைத் திட்டுகிற உரிமை ஊரில் எல்லோருக்கும் இருந்தது, எனக்கு இருக்கவில்லை. அவர் ஒரு பெருந்தன்மையான மனிதர், என்னைக் காப்பாற்றத் தன் பெயரைக் கொடுத்தவர் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடு வாழ்வதும் இலகுவாக இருக்கவில்லை. பஸ்ஸில், மெத்ரோவில், கதிரையின் நுனியில் யாராவது இருந்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

போன வருடம் அவருக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டேன். அரசியலை விட்டுப் பல காலம். பியர்பொன்ட்ஸில், மகளின் வீட்டில் இருந்தார். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். நலம் விசாரித்து முடிந்ததும், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். “நான் அன்றைக்கு வாசித்துக் காட்டவில்லை.”

“தெரியும்” என்றார். “அன்றைக்கே தெரியும்.”

எனக்கு அழுகை வந்தது. எனக்காக இவ்வளவையும் தாங்கினீர்களே என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“உங்களுக்காக இல்லை” என்றார். “அந்த மாதம்தான் கட்சி என்னை நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தது. பிழை விட்டேன் என்று சொன்னால் மனிதர்கள் மன்னிப்பார்கள். என் அலுவலகத்தில் பொய்க் கையெழுத்து என்று வெளியே வந்தால் என்மேல் விசாரணை வைப்பார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனுவைத் திரும்ப விசாரித்திருப்பார்கள். நான் இன்னொரு முறை உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒருமுறை கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது.”

பிறகு, மீனவரின் முழுப் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரோடு, ஒரு எழுத்தும் பிசகாமல். தமிழ் தெரியாத வாய்க்கு அது சுலபமாக வருகிற பெயர் அல்ல. எத்தனை தரம் தனியே சொல்லிப் பார்த்திருப்பாரோ. “ஒட்டாவாவில் நான் பேச எழும்புகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயர்தான் முதலில் வரும்” என்றார். அவருடைய மகள் தேநீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுப் புறப்பட்டேன்.

இரண்டு மாதத்தில் இறந்துபோனார். கிரேக்கத் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பெரிய மனிதர்கள் வந்து அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். பின்வரிசையில் இருந்து கேட்டேன். இனி இதைத் தெரிந்த ஆள் நான் ஒருத்தி மட்டும்தான் என்ற எண்ணம் வந்தது. அதோடு அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மீனவரின் மனைவியுடைய பழைய எண் வேலை செய்யவில்லை. எங்கள் பங்குச் சுவாமியிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் மன்னாரில் தெரிந்த ஒரு குருவுக்கு எழுதி, கடைசியில் மீனவரின் மகளுடைய எண் கிடைத்தது. ஒரு காலை வேளையில் எடுத்தேன். அவளுக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வரவே இல்லை என்றாள். அம்மா மூன்று வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

“அங்க லோயர்தான் அப்பாவைக் காட்டிக் குடுத்ததெண்டு அம்மா சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவ” என்றாள்.

“இல்லை, பிள்ளை. அது என்ர பிழை” என்றேன். நான் மாற்றி எழுதிய வரி, மணிக்கூடு, கையெழுத்து, நான் சொன்ன பொய், லோயர் கடைசியில் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

“அம்மா இருக்கேக்க சொல்லியிருக்கலாம், அன்ரி” என்றாள்.

“ஓம், பிள்ளை, சொல்லியிருக்கலாம்” என்றேன்.

“அப்பா தானா விரும்பிக் குடுத்தவரெண்டுதான் அங்க எழுத்தில கிடக்கு, என்ன?” என்று கேட்டாள். “அது அப்பிடியில்லை எண்டு எழுதித் தாங்கோ. உங்கட பேரைப் போட்டு எழுதுங்கோ. காணாமப் போன ஆக்களின்ர விசாரணைக்கு அம்மா சேர்த்து வைச்ச கடதாசிகள் எல்லாம் என்னட்டக் கிடக்கு. அதோட வைக்கவேணும்.”

“எழுதித் தாறன்” என்றேன்.

“மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதேங்கோ” என்றாள். “கடதாசி வேணும், அதுதான்.” சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டு பிரதி எழுதி, சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்துவிட்டது என்று தபால் நிலையத்தின் தகவல் வந்தது. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.