காப்புக் கட்டிய கால்

வீரய்யாவுக்குக் காலில் சக்கரம். கண்டியை அடுத்த அம்பிட்டியப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவான். ஒரு மாதம் கழித்துப் போனால் ஆள் இருக்க மாட்டான். எங்கே என்று கேட்டால் லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். இவனுக்குப் பெண் கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்!

மனைவி சுப்பம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் மலைத்தோட்டத்தில் இருந்த அண்ணன் இராமையா வீட்டுக்குப் போய்விட்டாள். தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். மாரியம்மன் திருவிழா முடிந்ததும் இராமையா இந்தியாவுக்கே கப்பலேறுகிறான், தங்கையும் கூடப் போகிறாள் என்று செய்தி வந்தது. செய்தி வந்த மறுநாளே வீரய்யா கிளம்பினான். விடியுமுன்னே நடந்தான். கண்டி டவுன், ஆற்றுப் பாலம், பிறகு ஒரே மேடு. ஓரிடத்திலும் உட்காரவில்லை. பொழுது சாய்வதற்குள் அவளைச் சமாதானப்படுத்தி அழைத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நினைப்பு.

தோட்டத்துக் கோயிலில் தப்பு முழங்கியது. கொடி ஏறிவிட்டது. பூசாரி வரிசையாகக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் சுப்பம்மாவைத் தேடிக்கொண்டே நகர்ந்தவன், பூசாரி எதிரில் வந்ததும் விபூதிக்கு நீட்டும் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டான். மஞ்சள் கயிறு ஏறிவிட்டது.

"கொடி எறங்குற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாதுப்பா" என்றார் பூசாரி.

அப்போதுதான் சுப்பம்மாவைக் கண்டான். "நீங்களா? இருந்துருவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனைச் சுட்டது.

இருந்தான். அதை இருப்பு என்றா சொல்வது? கரகம் லயம் லயமாகப் போனபோது கூடவே நடந்தான். கரகம் இறக்கிய பிறகும் நடந்தான். எல்லைக் கல் வரை போய், கீழே ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. கொழுந்துக் கூடையோடு போகும்போதெல்லாம் சுப்பம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கடைசி நாள் தோட்டத்து ஓடையில் கரகத்தை விட்டார்கள். பூசாரி காப்பை அவிழ்க்க வந்தபோது வீரய்யா கையை இழுத்துக்கொண்டான்.

"கெடக்கட்டும் சாமி. இது இருந்தா நான் எங்கயும் போகமாட்டேன்."

சுப்பம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டிப்போட்ட மாட்டோடயா நான் குடும்பம் நடத்துறது? அவுத்துப் போடுங்க சாமி. அதுக்கப்புறம் இருக்காரான்னு பாக்குறேன்."

கயிறு தண்ணீரோடு போயிற்று. வீரய்யா பாதையைப் பார்த்தான், கால் துறுதுறுத்தது. பிறகு கரையிலிருந்த கல்லில் மெதுவாக உட்கார்ந்தான்.

இராமையா இந்தியப் பயண மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "பொறப்படும்மா" என்றான்.

"நீங்க போங்கண்ணே" என்றாள் சுப்பம்மா.