கத்தரிக்காய் மூட்டையும் நான்கு மின்கம்பங்களும்

கத்தரிக்காயோடு கத்தரிக்காய் உரசினால் ‘கீச்’சென்று ஒரு சத்தம் வரும். ஒன்றிரண்டு உரசினால் காதில் விழாது. ஒரு மூட்டையை அப்படியே தரையில் கவிழ்க்க வேண்டும். அறுநூறு காய்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, ஈரச் சாக்கின் வாடையோடு அந்தச் சத்தம் வீடு முழுக்க எழும். என் பதினான்காவது வயதில், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை முதன்முதலாகக் கேட்டேன். அறுநூறு என்று குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து எண்ணினேன்: அறுநூற்றுப் பதினெட்டு. அதில் சொத்தை இரண்டு. மிச்சத்தை வீட்டிலிருந்த நான்கு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு நூற்று ஐம்பத்து நான்கு.

எண்பதுகளின் தொடக்கம் அது. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து சைக்கிளில் அரைமணி தூரத்தில், எட்டே வீடுகள் கொண்ட ஒரு புது ‘நகரில்’ நாங்கள் இருந்தோம். நகர் என்று தகரத்தில் எழுதிய பலகை இருந்தது, கரண்ட் இல்லை. மனை விற்றவர் கம்பம் நட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார், விற்று முடித்த பிறகு ஆளையே காணவில்லை. மின்சார ஆபீஸில் விசாரித்தபோது, மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு நான்கு கம்பங்கள் வேண்டும், அதற்கான செலவைக் குடியிருப்பவர்களே கட்ட வேண்டும் என்றார்கள். எல்லாம் சேர்த்து நான்காயிரத்து எண்ணூறு ரூபாய். வீட்டுக்கு அறுநூறு.

நான் ஒன்பதாம் வகுப்பு. சிம்னி விளக்கின் புகையில் படித்துப் படித்து என் கண் காலையில் சிவந்து நீர் கோத்திருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் தீர்மானமாகச் சொன்னாள்: “அடுத்த வருஷம் இவன் பத்தாவது. அதுக்குள்ள இந்த வீட்டுல லைட் எரியணும்.” அப்பா பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். சம்பளம் எழுநூற்று இருபது ரூபாய், அதிகம் பேசாத மனிதர். சம்பளக் கவரை அம்மா கையில் கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று நினைப்பவர். அம்மா அதை ஏழு பவுடர் டப்பாக்களில் பிரித்துப் போடுவாள்: அரிசி, ரேஷன், மண்ணெண்ணெய், பால், காய், பள்ளிக்கூடம், வைத்தியம். எப்படிப் பிழிந்தாலும் மாதம் முப்பது ரூபாய்தான் மிஞ்சியது. பன்னிரண்டு மாதத்தில் அறுநூறு சேர வேண்டுமென்றால் ஐம்பது வேண்டும். குறைந்த இருபதுக்கு அம்மா பார்த்தது சித்தப்பாவை.

கோவிந்தன் சித்தப்பா, அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். சனிக்கிழமை வாரக்கூலி கைக்கு வரும், ஞாயிறு சாயங்காலத்துக்குள் காணாமல் போகும். சினிமா, பிரியாணி, தலைக்கு வாசனை எண்ணெய், கேட்டவனுக்கெல்லாம் டீ. குணத்தில் தங்கம். ஆனால் டப்பா என்ற சொல்லைக் கேட்டாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

“இருபது ரூபாயா? அண்ணி, ரெண்டு படம், ஒரு பிரியாணி, இடைவேளைல ஒரு சோடா. அத்த தூக்கி டப்பால போட்டா நான் இன்னாத்துக்கு மிசின் ஓட்டுறேன்?”

“லைட் உனக்கும்தானே தம்பி?”

“எனக்கு இருட்டுலயே தூக்கம் நல்லா வருது. நீங்க தீக்குச்சிய எண்ணி அடுப்பு பத்த வைக்கிற ஆளு. உங்ககிட்ட மாட்டிகினு எங்க அண்ணன் படுற பாடு போதும். பேஜார் பண்ணாதீங்க.”

அம்மா தீக்குச்சியை எண்ணியது உண்மைதான். பெட்டிக்கு ஐம்பது என்று போட்டிருந்ததில் நாற்பத்தாறுதான் இருந்தது என்று கடைக்காரரிடம் ஒருமுறை போய்ச் சொன்னவள். (எண்ணிப் பார்த்தது நான்.) ஆனால் அன்று அவள் கோபப்படவில்லை. காய் டப்பாவை எடுத்து, அதிலிருந்த நாற்பத்தைந்து ரூபாயையும் சித்தப்பா கையில் வைத்தாள். “ஒரு மாசம் காய்ச் செலவை நீயே நடத்து. மிச்சம் பிடிச்சா நீயே வச்சிக்கோ. நான் வாயே திறக்கல.”

சித்தப்பாவின் கண் மின்னியது. அடுத்த ஞாயிறு விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனவர் திரும்பி வந்து கவிழ்த்ததுதான் நான் சொன்ன அந்த மூட்டை. தள்ளுவண்டியில் கிலோ இரண்டு ரூபாய் விற்ற கத்தரிக்காய், மூட்டையாக எடுத்தால் எழுபது பைசா. நாற்பது கிலோ, இருபத்தெட்டு ரூபாய். “மாசம் பூரா காய் வந்தாச்சு. மிச்சம் பதினேழு ரூபா. பாத்துக்கோங்க அண்ணி, இதான் கணக்கு!” என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

கத்தரிக்காய் ஒரு மாதம் தாங்காது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. முதல் நாள் எண்ணெய்க் கத்தரிக்காய், இரண்டாம் நாள் கொத்சு, மூன்றாம் நாள் சாம்பார், பொரியல் இரண்டிலும் அதுவே. நான்காம் நாள் அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, அந்த வாரத்தில் அவர் பேசிய ஒரே வாக்கியத்தைப் பேசினார்: “கோவிந்தா, பட்டறைல உனக்கு இரும்பு வாங்குற வேலைய குடுத்துடாதீங்கன்னு மொதலாளிகிட்ட சொல்லி வைக்கிறேன்.” அம்மா சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. அது சித்தப்பாவுக்கு இன்னும் பெரிய தண்டனையாக இருந்தது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு மேரி டீச்சர் தீப்பெட்டி கேட்டு வந்தவர், கூடத்து மூலையில் கிடந்த குவியலைப் பார்த்து நின்றுவிட்டார். “அக்கா, எனக்கு ரெண்டு கிலோ போடுங்களேன். வண்டிக்காரன் விலையே தர்றேன். அவன் வாரத்துல ரெண்டு நாள்தான் இந்தப் பக்கம் வர்றான்.” அம்மா தராசைத் தேடினாள். நான்கு ரூபாய் கைக்கு வந்தது. அதை அவள் வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இரண்டு கிலோவின் கொள்முதல் ஒன்று நாற்பது, வந்தது நான்கு, நடுவில் இரண்டு அறுபது. எனக்குத் தோன்றியதுதான் அவளுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அவளுக்கு அதற்கு மேலும் ஒன்று தோன்றியது: கொழுந்தனுக்குச் சில்லறையாக வாங்கத் தெரியாது, வாங்கினால் மூட்டைதான். அதை இனித் திருத்தப் பார்ப்பதைவிட, மூட்டைக்கு ஏற்றபடி வீட்டைப் பெரிதாக்குவது சுலபம்.

அடுத்த ஞாயிறிலிருந்து எட்டு வீடும் ஒரே வீடானது. சித்தப்பா மூட்டை எடுத்து வருவார். ஒரு வாரம் வெங்காயம், ஒரு வாரம் கத்தரியும் முருங்கையும், ஒரு வாரம் உருளைக்கிழங்கு. எங்கள் வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து எட்டுக் கூறு போடுவோம். ஒவ்வொரு வீடும் வண்டிக்காரனுக்குக் கொடுப்பதையே எங்களுக்குக் கொடுக்கும். நடுவில் நிற்கும் பணம், வாரம் ஏறத்தாழ ஐம்பது ரூபாய், எட்டாவதாக ஒரு டப்பாவில் விழும். அதற்குச் சித்தப்பாதான் ‘கம்பத்து டப்பா’ என்று பெயர் வைத்தார். நோட்டு எழுதியது நான்.

மார்கழியில் எல்லாம் நின்றுபோகப் பார்த்தது. கடைசி வீட்டில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார், ‘மிலிட்டரி சார்’ என்போம். ஒரு ஞாயிறு, கூறைக் கையில் வாங்கிக்கொண்டே, “ஏம்ப்பா கோவிந்தா, மூட்டைக்கு உனக்கு எவ்வளவு நிக்குது?” என்று கேட்டுவிட்டார். சித்தப்பா முகம் கறுத்தது. “நான் இன்னா கொள்ளையா அடிக்கிறேன் சார்? இனிமே மார்க்கெட்டுக்கு நீயே போ!” என்று சைக்கிளைச் சுவரில் சாய்த்தவர், இரண்டு ஞாயிறு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தே கிடந்தார். தெருவில் யார் வீட்டிலும் வெங்காயம் இல்லை. டப்பாவில் ஆயிரத்து நூறு. பத்தாவது தொடங்க ஐந்து மாதம்.

மூன்றாம் சனிக்கிழமை அம்மா என்னை நோட்டோடு மிலிட்டரி சார் வீட்டுக்கு அனுப்பினாள். “எதுவும் பேசாத. படிச்சுக் காட்டிட்டு வா.” கேட்டுக்கு வெளியே நின்று, முதல் வாரத்திலிருந்து வரிவரியாகப் படித்தேன். ஐந்தாவது பக்கத்தில் அவர் நிறுத்தினார். “இதுல மூட்டை தூக்குன கூலி எங்க? டீ எங்க? போன மாசம் ஏரிக்கரைல பஞ்சர் ஆச்சே, நானே பார்த்தேன். அது எங்க?”

நோட்டில் அவை இல்லை. சித்தப்பா ஒரு நாளும் சொல்லவில்லை, நான் எழுதவில்லை. எண்ணுவதில் எனக்கிருந்த பெருமையெல்லாம் அந்த இடத்தில் சுருங்கிப்போனது. எல்லாவற்றையும் எண்ணியவன் அதை மட்டும் விட்டிருக்கிறேன்.

மறுநாள் விடியும் முன் எங்கள் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. மிலிட்டரி சார், தன் சைக்கிளோடு, கழுத்தில் மப்ளரோடு நின்றுகொண்டிருந்தார். “எழுந்திருய்யா. ரெண்டு சைக்கிள்னா ரெண்டு மூட்டை.” போர்வைக்குள்ளிருந்து சித்தப்பா கேட்டார்: “டீ யார் வாங்கித் தருவாங்க சார்?” “நான்தான்யா.” “அப்ப சரி, கீழ வுட்டுடாம வருவியா, பாலன்ஸ் கீதா?” என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்.

அடுத்த ஆடியில், நான் பத்தாவதுக்குப் போன மறுமாதம், கணக்கை முடித்தோம். சித்தப்பா போனது நாற்பத்தாறு ஞாயிறு. கம்பத்து டப்பாவில் இரண்டாயிரத்து எழுநூறு. மீதியை எட்டு வீடும் பகிர்ந்தபோது வீட்டுக்கு இருநூற்று அறுபத்திரண்டரை. அம்மாவின் முப்பது ரூபாய்களே அதற்குப் போதும், கொஞ்சம் மிஞ்சியும் இருந்தது. அந்த மிச்சத்தில்தான் எனக்கு மேசை விளக்கு வாங்கினாள். சித்தப்பாவிடம் கேட்ட மாதம் இருபது ரூபாய் மட்டும் கடைசிவரை வரவே இல்லை. அம்மா அதை மறுபடி கேட்கவும் இல்லை. நான்காவது கம்பம் எங்கள் வாசலுக்கு நேரே நின்றது. விளக்கு எரிந்த முதல் நாள் அப்பா அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படித்து முடித்த செய்தித்தாளையே திரும்பவும் படித்தார்.

அந்தக் கம்பங்கள் இன்று இல்லை. கம்பியெல்லாம் மண்ணுக்கடியில் போய்விட்டது. எங்கள் வீடு இருந்த இடத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி. அதில் ஒன்றில் நானும் என் மனைவியும். எங்கள் வீட்டில் பதினேழு விளக்குகள், ஆளில்லாத அறையில் ஒன்று எரிந்தாலும் எனக்குப் பொறுக்காது. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். எட்டு வீட்டுக்காரர்களில் இங்கே மிஞ்சியது நான் ஒருவன்.

சித்தப்பா கூடுவாஞ்சேரியில் மகனோடு இருக்கிறார். போன ஞாயிறு மின்சார ரயில் ஏறி வந்தார், கையில் ஐந்து கிலோ கத்தரிக்காய். “ஒரு கிலோ வாங்க கூச்சமா கீதுடா.” நான் செய்தித்தாளை விரித்தேன். என்னை அறியாமல் கை கூறு போட்டது. மனைவி எட்டிப் பார்த்து, “நாம ரெண்டு பேர்தானே? எதுக்கு எட்டு கூறு?” என்றாள்.

ஏழு கூறையும் பையில் போட்டுக்கொண்டு சித்தப்பாவும் நானும் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். மூன்றாவது மாடியில் ஒரு பெண், காயை வாங்கிக்கொண்டு, மறுகையில் போனை எடுத்தாள். “எவ்ளோ அங்கிள்? ஸ்கேன் பண்றதுக்கு ஏதாவது இருக்கா?”

எனக்குப் பின்னாலிருந்து சித்தப்பா சொன்னார்: “கம்பத்துக்கு எப்பவோ பணம் கட்டியாச்சும்மா. நீ எடுத்துக்கோ.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். படியிறங்கும்போது பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்தேன்.