திடலுக்குக் கீழே ஓடிய சில்லு

இராசேஸ்வரியிடம் ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் கொந்தராத்துக்காரருக்குப் போதும் போதுமென்றாகிவிடும். இருபத்திரண்டு வருடம் வீதி வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், தட்டிப் பார்க்காமல் ஒரு மதகுக்குக் கையெழுத்து வைத்தாள். மூன்றாம் மாதம் அது உள்ளிறங்கி, சைக்கிளில் போன ஒரு மனிசனின் கால் முறிந்தது. அதற்குப் பிறகு அவள் கண்ணை நம்புவதில்லை. பன்புல்லால் இழைத்த ஒரு பன்பைக்குள் சின்னச் சுத்தியலும் நீர்மட்டமும் பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற ஒரு கண்ணாடிப் போளையும் வைத்திருப்பாள். போன இடத்தில் ஒரு வாளி தண்ணீர் கேட்பாள். அவ்வளவுதான் அவளுடைய ஆய்வுகூடம்.

வெளிநாட்டுத் தமிழர் சிலர் சேர்ந்து வன்னியில் மூன்று இடத்தில் ஸ்கேட் பார்க் கட்டினார்கள். சனத்துக்கு அது சில்லுத் திடல். சில்லுப் பூட்டிய பலகையில் ஏறி நின்று பிள்ளைகள் சறுக்குகிற இடம். கட்டியது சரியா என்று பார்த்துச் சொல்ல ஆள் தேடியபோது இராசேஸ்வரியின் பெயர்தான் எல்லார் வாயிலும் வந்தது. அந்தப் பலகையில் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலென்ன, விழுந்தால் எங்கே விழுவார்கள் என்று பார்க்கத் தெரியும்.

பரந்தனில் சரிவு வந்து முடிகிற இடத்திலேயே வடிகால் கம்பி போட்டிருந்தார்கள். சில்லு மாட்டினால் பல்லுப் போகும். கொந்தராத்துக்காரருக்கு வாய் நிறைய ஏச்சுக் கொடுத்துவிட்டு, கம்பியை மாற்றும்வரை திறக்கக்கூடாதென்று எழுதினாள். பூநகரியில் கட்டடம் திறம், ஆனால் உப்புக்காற்று மண்ணை அள்ளிக் கொட்டியிருந்தது. கூட்டித் துடைக்க ஓராளைப் போடச் சொன்னாள். புதுக்குடியிருப்புக்கு ஒரு புதன்கிழமை மத்தியானம் போனாள். சனிக்கிழமை திறப்புவிழா.

திடற்குழுத் தலைவர் செல்வநாயகம் வாசலிலேயே நின்றார். சந்தையடியில் கடை வைத்திருக்கிறவர்.

“கனடாவில இருந்து ஆக்கள் வந்து நிக்கினம், தங்கச்சி. மேளமும் சொல்லியாச்சு. ஒருக்காச் சுத்திப் பாத்திட்டு சைன் வச்சாச் சரி.”

“பாக்காமலே வைக்கச் சொன்னாலும் சொல்லுவியள்,” என்றபடி உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொளுத்துகிற வெயிலில், திடலின் நடுவில், ஒரு மனிதர் கொங்கிரீட்டில் காதை வைத்துக் குப்புறக் கிடந்தார். அசையவில்லை. இராசேஸ்வரியின் காலடிச் சத்தம் கேட்டதும் அவர் மெதுவாக எழும்பி, பக்கத்தில் கழற்றி வைத்திருந்த சேர்ட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு மதிலோரம் போய் நின்றார்.

“மேசன் மூக்கன். உந்தத் திடலைக் கட்டினதே அவர்தான்,” என்றார் செல்வநாயகம். “நெடுக வந்து உப்பிடித்தான் கிடப்பார். நல்ல மனிசன்.”

திடலைக் கட்டத் தொடங்கி நாலு வருடம். நடுவில் சாமான் விலை ஏறி, அரைகுறையாகக் கிடந்து, இப்போதுதான் முடிந்திருந்தது. ஆனால் பிள்ளைகள் திறப்புவிழாவுக்குக் காத்திருக்கவில்லை. வேலி ஏறிக் குதித்து ஓடியிருக்கிறார்கள். தரையெங்கும் சில்லின் கறுப்புக் கோடுகள். அவற்றைப் பார்த்துக்கொண்டு நடந்தவளுக்கு ஏதோ பிசகுவது தெரிந்தது. உயரச் சரிவிலிருந்து இறங்குகிற பிள்ளைக்கு நேர்வழி திடலின் நடுவால்தான். ஆனால் அத்தனை கோடுகளும் நடுவுக்குக் கிட்ட வந்ததும் வளைந்து விலகிப் போயிருந்தன. நடுவில் ஒரு பெரிய வட்டம், வெள்ளையாக, கோடு படாமல் கிடந்தது. மூக்கன் காதை வைத்துக் கிடந்த இடமும் அதுதான்.

வேலியடியில் பலகையோடு நின்ற பதின்மூன்று வயதுப் பெட்டையைக் கூப்பிட்டாள். பெயர் தேனுகா.

“ஏன் பிள்ளை, உதுக்கு மேலால ஒருத்தரும் ஓடுறேல்லையோ?”

“ஓடினா கீழயும் ஆரோ ஓடினம், அன்ரி.”

“சும்மா கதை சொல்லாதை. ஓடிக் காட்டு பாப்பம்.”

“ஓரத்தாலதான் போவன்,” என்று சொல்லிவிட்டுத்தான் தேனுகா பலகையில் ஏறினாள்.

சரிவிலிருந்து கடகடவென்று வந்தாள். வட்டத்தின் விளிம்பைத் தொட்டதும் சத்தம் இரண்டாகியது. மேலே ஒரு சில்லு, கீழே ஒரு சில்லு. கீழே ஓடியது கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் மெதுவாக ஓடியது. தேனுகா குதித்து இறங்கிப் பலகையைக் கையில் எடுத்துவிட்டாள். கீழே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இராசேஸ்வரி மனதுக்குள் மூன்றுவரை எண்ணினாள். பிறகுதான் நின்றது.

“றோட்டால லான்ட்மாஸ்டர் உழவுமெசின் போகுது போல,” என்றார் செல்வநாயகம்.

றோட்டில் ஒரு நாய்கூட இல்லை.

இராசேஸ்வரி சுத்தியலை எடுத்தாள். ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டு வந்தாள். டங், டங் என்று கல்லுச் சத்தம். வட்டத்துக்குள் தட்டியதும் பொம் என்றது. சுற்றிவர நீர்மட்டம் வைத்துப் பார்த்தாள், மட்டம் சரி. வட்டத்தின் ஓரத்தில் போளையை வைத்தாள். அது கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, ஆரோ கூப்பிட்டதுபோல உருண்டு போய் நடுவில் நின்றது. அந்த இடத்தில் வாளித் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் அங்கேயே தேங்கியது, தலைமயிர் அளவு வெடிப்பொன்றால் இறங்கி ஒரு சொட்டில்லாமல் மறைந்தது. முழங்காலில் நின்று, குனிந்து தரையில் காதை வைத்தாள். கால்வைக்க முடியாத வெயிலில் அந்த இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தது. கனநேரம் ஒன்றுமில்லை. பிறகு, ஆழத்தில், சளக் என்று கேட்டது.

அவளுக்கு அந்த வட்டத்துக்கு மேலே தான் இருப்பது அப்போதுதான் உறைத்தது. கைகளை ஊன்றி, தவழ்ந்து, வெளியே வந்தாள். எழும்பி நின்று மூக்கனைப் பார்த்தாள்.

“அண்ணை, இஞ்ச வாங்கோ. கீழ கிணறோ?”

மூக்கன் மதிலை விட்டுக் கிட்ட வந்தார். “ஆமாங்க மிஸ்.”

“தூர்க்கச் சொல்லேல்லையோ?”

“சொன்னாங்க. மனசு வரல. தண்ணி இருக்குற கெணத்த எப்பிடிங்க தூர்க்குறது?”

“அப்ப மேல என்ன போட்டனீங்கள்?”

“பனங்குத்தி, மிஸ். நெருக்கி அடுக்கி, மண்ணு மூட்ட போட்டு, அதுக்கு மேலதான் கொங்கிரீட்டு. சண்ட நேரத்துல பங்கருக்குப் போட்ட மாதிரியே போட்டேன். ஷெல்லு விழுந்தே தாங்குன குத்தி, மிஸ்.”

வேறு ஊர்க்காரி என்றால் தலையிலடித்திருப்பாள். இராசேஸ்வரியோ ஒரு கணம் ஆறுதல்பட்டுவிட்டாள். அவளும் அப்படியான குற்றிகளுக்குக் கீழே கிடந்து உயிர் தப்பியவள்தானே. பனங்குற்றி என்றால் பயமில்லை என்று உடம்பு பழகிவிட்டது. அந்த ஆறுதல் வந்ததை நினைக்கத்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“பங்கருக்க சில மாசம் இருந்தம், அண்ணை. நாலு வருசம் ஈரத்துக்கு மேல இருக்கேல்லை. அது ஆற்ற கிணறு?”

“எங்க கெணறுதான்.”

மெல்ல மெல்லச் சொன்னார். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்து, காடுவெட்டி இருந்த காணி. காணி உறுதியுமில்லை, அரசாங்கப் பேர்மிற்றும் இல்லை. தகப்பனும் அவரும் வெட்டிய கிணறு. இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசிச் சண்டையில், எல்லாரும் மூட்டையோடு வெளிக்கிட்டபோது, மகள் நிரோஜா, ‘ஒரு போத்தல் தண்ணி அள்ளிட்டு வந்துர்றேன், நீங்க நடங்க’ என்று திரும்பிப் போனாள். பிறகு அவளைக் காணவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது புல்டோசர் கிணறு தவிர எல்லாவற்றையும் வழித்து வைத்திருந்தது. காணி பொதுக்காணி ஆகிவிட்டது. அதிலே திடல் கட்ட வந்தபோது அவருக்கே மேசன் வேலை கிடைத்தது.

“வீடில்ல, வேலியில்ல, மரமில்ல. கெணறும் இல்லாட்டி, அவ வந்து எதப் பாத்து நிப்பா, மிஸ்?” என்றார் மூக்கன். “புள்ளைங்க ஓடுறப்ப கீழ கப்பி சுத்துற சத்தம் கேக்கும். தண்ணி அள்ளுற மாதிரியே இருக்கும். அதக் கேக்கத்தான் வர்றேன்.”

செல்வநாயகம் இராசேஸ்வரிக்குக் கிட்ட வந்து குசுகுசுத்தார்.

“மூண்டு நாள்தானே, தங்கச்சி. சனிக்கிழமை கழியட்டும். பிறகு பாப்பம்.”

“சனிக்கிழமை உதுக்கு மேல நூறு சனம் நிக்கும். மேளகாரரும் நிப்பினம். நீங்கள் நடுவில நிண்டு குத்துவிளக்குக் கொளுத்துவியள். எத்தினை பேரை உள்ளுக்க அனுப்பப் போறியள்? படலைத் திறப்பைத் தாங்கோ!”

அவர் திறப்பை நீட்டினார். வாசல் படலையைப் பூட்டித் திறப்பைப் பன்பைக்குள் போட்டுக்கொண்டுதான் அவள் வெளிக்கிட்டாள்.

வியாழக்கிழமை உடைத்தார்கள். இயந்திரம் முதல் குத்துக் குத்தியதுமே வட்டம் முழுக்க உள்ளே போனது. பனங்குற்றிகள் புட்டுப் போல உதிர்ந்தன. விழுந்ததையெல்லாம் அள்ளி, இறைத்து, எலும்போ உடுப்போ கிடைக்குமா என்று ஆள் இறங்கித் தேடினார்கள். ஒன்றும் இல்லை. மறுநாள் விடிய, இரவோடிரவாக ஊறிய தெளிந்த தண்ணீர் மட்டும் இருந்தது. எட்டிப் பார்த்த மூக்கன் ஆறுதல்பட்டாரா, ஏமாந்தாரா, இராசேஸ்வரிக்குத் தெரியவில்லை.

தூர்த்துவிடுவோம் என்றுதான் குழு நின்றது. தூர்த்தால் என் கையெழுத்து இல்லை என்று அவள் நின்றாள். கிணற்றைச் சுற்றி நெஞ்சளவு கட்டு, மேலே இரும்புக் கம்பிவலை, சரிவிலிருந்து வருகிற பாதையை இடப்பக்கம் திருப்பிக் கிணற்றைச் சுற்றி ஓடவிடுவது என்று கீறிக் கொடுத்தாள். கிணற்றுக் கட்டை மூக்கனே கட்டினார். கம்பி எத்தனை, சீமெந்து எவ்வளவு என்று அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். மூன்று கிழமை பிந்தி எல்லாம் முடிந்தது.

கடைசிப் பரிசோதனைக்குத் தேனுகா பலகையோடு வந்தாள். சரிவில் இறங்கி, கிணற்றை ஒரு வட்டம் சுற்றி, கடகடவென்று போனாள். விழவில்லை, எங்கும் தட்டவில்லை. அருமையான ஓட்டம். மூக்கன் கம்பிவலையில் காதை வைத்துக் குனிந்து நின்றார்.

“இன்னொருக்கா ஓடு, தங்கச்சி,” என்றார்.

ஓடினாள். பிறகும் கேட்டார், பிறகும் ஓடினாள். மேலே சில்லின் சத்தம் மட்டும் கேட்டது.

மூக்கன் நிமிர்ந்தார். “இனிமே கேக்காதா, மிஸ்?”

மூடின கிணறு, உள்ளே வெறுமையாகக் கோது விழுந்த தளம், எதிரொலி என்று சொல்ல இராசேஸ்வரியிடம் காரணங்கள் இருந்தன. தேனுகா பலகையைக் கையில் எடுத்த பிறகும் மூன்று எண்ணும்வரை கீழே ஓடியதற்கு மட்டும் அவளிடம் காரணம் இல்லை. கிணற்றுக் கட்டைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். எல்லா இடமும் நல்ல கல்லுச் சத்தம்.

படிவத்தில் ‘தளத்தின் கீழ் சத்தம்’ என்ற வரிக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினாள். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை எழுதிய பிறகும் அவள் திரும்பிப் போய், கம்பிவலையில் காதை வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.