அத்தை கேட்ட ரீப்ளே

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், திருவனந்தபுரத்தில் நடந்தது இது. உள்ளூர் அணிகள் மோதும் இருபது ஓவர் கிரிக்கெட் போட்டி. என் மனைவிதான் ஆசைப்பட்டு மூன்று டிக்கெட் எடுத்திருந்தாள். அவளுக்கு, எனக்கு, நாகர்கோவிலிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த அவளுடைய அம்மாவுக்கு. கிளம்புகிற நேரத்தில் கழக்கூட்டத்திலுள்ள அவளுடைய ஐ.டி. ஆபீஸிலிருந்து போன். ஏதோ சர்வர் படுத்துவிட்டதாம். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பகீர் என்றது. கல்யாணமாகி நான்கு வருடத்தில் அத்தையும் நானும் பேசிய பேச்சு மொத்தமும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு அத்தை." அவ்வளவுதான். நான் ஹாலுக்குள் வந்தால் அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். அவர் சமையலறையில் இருந்தால் தாகமெடுத்தாலும் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். சண்டையெல்லாம் இல்லை. மாப்பிள்ளையும் மாமியாரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இருவருமே நினைத்திருந்தோம்.

ஆட்டோவில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். மைதானத்திலும் அதே கதைதான். மனைவியின் காலி நாற்காலியில் அத்தையின் பெரிய கைப்பை ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. இன்னும் மூன்று மணி நேரம் என்ன பேசுவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் ஓவர் தொடங்கியது.

"ஸ்லிப்புல ஒருத்தனை நிறுத்தாம இவன் என்னத்துக்கு வெளிய வெளிய போடுகான்?" என்று ஒரு குரல்.

பின்னால் யாரோ பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் வாய் திறக்கவில்லை. பேசியது அத்தை!

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அத்தை பல வருடங்களாக டி.வி.யில் ஒரு மேட்ச் விடாமல் பார்ப்பவராம். நான் வந்ததும் அவர் எழுந்து போனதெல்லாம் ரிமோட்டை மரியாதையாக என்னிடம் விட்டுக்கொடுக்கத்தான். நானோ உடனே செய்திச் சேனலுக்கு மாற்றிவிடுவேன். எத்தனை கடைசி ஓவர்களை அவரிடமிருந்து பறித்திருக்கிறேனோ!

ஆனால் ஸ்டேடியத்துக்கு வந்தது அவருக்கு இதுதான் முதல் தடவை. அரை மணி நேரத்தில் முகம் வாடிவிட்டது.

"டி.வி. மாதிரி இல்ல மாப்பிள்ளை. பந்து எங்க போகுன்னே தெரியல. யாரும் எடுத்துச் சொல்லவும் மாட்டேங்கான்."

எதிரே ஒரு பெரிய திரை இருந்தது. அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று தைரியம் சொன்னேன். ஆனால் அந்தத் திரையை இயக்கியவருக்குக் கிரிக்கெட்டில் அத்தனை பிரியம் இல்லை போலிருக்கிறது. சிமெண்ட் விளம்பரம் வரும். நகைக்கடை விளம்பரம் வரும். ஸ்கோர் கண்ணைச் சிமிட்டிவிட்டு ஓடிவிடும். மீதி நேரமெல்லாம் ரசிகர்கள்தான். அதிலும் அந்தத் திரைக்காரருக்கு மிகவும் பிடித்த விளையாட்டு ஒன்று இருந்தது. கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இருவரைச் சுற்றிப் பெரிய சிவப்பு இதயம் ஒன்றை வரைவார். கீழே மலையாளத்தில் 'இன்றைய ஜோடி' என்று எழுத்து ஓடும். அவர்கள் கைகளைச் சேர்த்து இதயம் மாதிரி காட்ட வேண்டும். காட்டும்வரை கூட்டம் விசிலடிக்கும்.

இப்படி ஒரு புது ஜோடி வெட்கப்பட்டு நெளிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பந்து வீசுகிறவர் அதற்காகக் காத்திருப்பாரா? திடீரென்று மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒரே கூச்சல். திரும்பினால் பேட்ஸ்மேன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்துபோகிறார். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர், ஐம்பது அடித்திருந்தவர். எப்படி அவுட் ஆனார் என்று எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"போல்டு அத்தை. பெயில்ஸ் கீழ கிடக்கு பாருங்க."

"இல்ல மாப்பிள்ளை. கீப்பர் பக்கத்துல வந்து நிக்கான் பாத்தீங்களா? ஸ்டம்பிங்காக்கும்."

"அந்த வேகத்துக்கு எந்தக் கீப்பர் பக்கத்துல நிப்பான்?"

"போல்டுன்னா அவன் எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போறான்?"

நான்கு வருடத்தில் நாங்கள் போட்ட முதல் வாக்குவாதம் அது. பக்கத்தில் இருந்த மலையாளி ஒருவரிடம் பஞ்சாயத்துக்குப் போனோம். "ஞானும் கண்டில்ல" என்று அவரும் கையை விரித்தார். ரீப்ளே வரும் என்று மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். 'அவுட்' என்று ஒரு கார்ட்டூன் வாத்து திரையில் அழுதுகொண்டு போனது, ரன்னே எடுக்காமல் அவுட் ஆனவருக்குக் காட்டுகிற வாத்து. சிமெண்ட் வந்தது. பிறகு மறுபடியும் கூட்டம். காமிரா மெதுவாக நகர்ந்து நகர்ந்து வந்து ஓரிடத்தில் நின்றது.

மஞ்சள் சேலையில் ஒரு அம்மா. பக்கத்தில் ஒரு கைப்பை. அதற்கப்பால் சட்டைப் பொத்தான் வரை வியர்த்துப்போன ஒரு ஆள். மூன்றையும் சேர்த்துச் சிவப்பு இதயம்.

அந்த நிமிடம் நாற்காலியோடு சேர்ந்து நான் பூமிக்குள் போயிருக்க வேண்டும். மைதானமே விசிலடிக்கிறது. சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்டுவதுபோல நடித்தேன். நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

"அது நம்மதானே! கீழ என்ன எழுதியிருக்கு மாப்பிள்ளை?" என்றார் அத்தை. அவருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது.

"ரசிகர்களை வரவேற்கிறோம்னு போட்டிருக்கு அத்தை" என்றேன், குனிந்தபடியே.

"வரவேற்பெல்லாம் இருக்கட்டும். அவன் எப்படி அவுட் ஆனான்னு காட்டச் சொல்லுங்க!"

யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது? நான் தலையைத் தூக்குவதற்குள் அத்தை எழுந்து நின்றுவிட்டார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் நீட்டி, முகத்துக்கு நேரே காற்றில் பெரிய சதுரம் ஒன்று வரைந்தார். சந்தேகம் வந்தால் அம்பயர் டி.வி. அம்பயரைக் கேட்பாரே, அதே சைகை. அதே மிடுக்கு.

அப்புறம் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், கூரையே அதிர்ந்தது. பக்கத்து மலையாளி துள்ளி எழுந்து, "அது தன்னே! அம்மை பறஞ்ஞது சரி!" என்று அவரும் சதுரம் வரைந்தார். எங்கள் வரிசை எழுந்தது. அடுத்த வரிசை எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம்வரை எல்லாக் கைகளும் காற்றில் சதுரம் போட்டன. இதயம் மறைந்தது. திரை ஒருமுறை கறுத்தது.

ரீப்ளே வந்தது!

பந்து ஸ்டம்ப் பக்கமே வரவில்லை. கீப்பரும் தொடவில்லை. அந்த மனிதர் பின்னால் நகர்ந்து ஓங்கி அடிக்கப்போய், தன்னுடைய பேட்டாலேயே தன் ஸ்டம்பைத் தட்டிவிட்டிருக்கிறார். ஹிட் விக்கெட்! போல்டும் இல்லை, ஸ்டம்பிங்கும் இல்லை. அத்தையும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம். அப்போது திரை மறுபடியும் எங்களைக் காட்டியது, இந்தமுறை இதயம் இல்லாமல். இரண்டு மாடி உயரத்தில் அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்தத் திரைக்காரர் எங்களை விடவே இல்லை. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் காமிரா நேராக அத்தையிடம் வரும். அத்தை சதுரம் போடுவார். ரீப்ளே வரும். கைப்பை எப்போதோ என் மடிக்கு வந்திருந்தது. அத்தை நடு நாற்காலிக்கு மாறி, ஒவ்வொரு பந்துக்கும் எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது மாமனார் நாகர்கோவிலிலிருந்து போன் செய்தார். போட்டி செல்போனில் நேரடியாக ஓடியிருக்கிறது. அவரும் பார்த்திருக்கிறார். அந்த இதயத்தையும் பார்த்திருப்பார்! போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளை, அவ எழும்பி நின்னு கையை வீசினா. அதுவரைக்கும் பாத்தேன். ரீப்ளே போடுகதுக்குள்ள நெட்டு சுத்த ஆரம்பிச்சிட்டு. அவன் எப்படி அவுட் ஆனான்?"

வீட்டுக்குப் போனால் மனைவி சோபாவில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மேட்சுக்கு வந்திருந்த அவளுடைய ஆபீஸ்காரி யாரோ படம் எடுத்து அனுப்பி, "உன் ஹஸ்பெண்ட் இன்னைக்கு வேற ஜோடியோட" என்று எழுதியிருக்கிறாள். இதயத்தின் அர்த்தம் அத்தைக்கு அப்போதுதான் விளங்கியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்கு ஓடிப்போனார். அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் காலையில் ஹைலைட்ஸ் ஓடிக்கொண்டிருந்தபோது நான் ஹாலுக்குள் வந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. "இருங்க மாப்பிள்ளை, இதைப் பாருங்க" என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஸ்டேடியத் திரையில் என்ன காட்ட வேண்டும் என்று கேட்டால் ரீப்ளேதான் என்று அத்தை இன்றும் அடித்துச் சொல்வார். நானும் அவர் கட்சிதான். ஆனால் பக்கத்திலேயே இருந்த ஒருவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்த எனக்கு, அவர் எப்படிச் சிரிப்பார் என்பதை முன்பின் தெரியாத யாரோ ஒருவர் மைதானத்தின் மறுகோடியிலிருந்து காட்டித் தரவேண்டியிருந்தது என்று நினைக்கும்போது, இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருக்கிறது.