மாடிப்படியில் கத்தரி நாற்று

திருச்சியில் இதய ஆபரேஷன் முடிந்து என் மனைவி பெரம்பலூர் வீட்டுக்கு வந்தபோது, டாக்டர் போட்ட தடைகளைவிட நான் போட்ட தடைகள்தான் அதிகம். குனியாதே, தூக்காதே, மாடிப்படிப் பக்கமே போகாதே. நான் அரியலூர் தடத்தில் பஸ் ஓட்டுகிறவன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே புகுந்து வர அஞ்சாதவனுக்கு, சொந்த வீட்டு மாடிப்படியைப் பார்த்தால் பயமாக இருந்தது.

அவள் சும்மா இருக்கிற பிறவி இல்லை. படுக்கையறை ஜன்னலோரம் காலித் தயிர் டப்பாக்களை வைத்து, போன வருஷம் மாடித் தொட்டியில் காய்த்த வரிக்கத்தரியின் விதையைப் போட்டுவிட்டாள். முளைத்தது. ஆனால் வெளிச்சம் போதாமல் வெளிறிப்போய், ஜன்னலைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"தொட்டியில நானே நட்டுடறேன்," என்றாள்.

"நீ மாடி ஏறவே வேணாம். நான் நட்டுக்கிறேன்," என்றேன். 

நடுவதற்கு முன்னால் நாற்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. காலையில் கொஞ்ச நேரம் இளவெயில், பிறகு படியின் மேல்தட்டில் நிழல், பொழுது சாய்ந்தால் மறுபடி உள்ளே. தினமும் வெயில் கொஞ்சம் கூட வேண்டும். அவள் தண்ணீர் தெளித்துக் கொடுப்பாள், நான் தாம்பாளத்தில் அடுக்கித் தூக்கிக்கொண்டு ஏறுவேன். தடுப்பூசிக்குக் குழந்தையை அனுப்பிவிட்ட தாய் மாதிரி கீழே நின்று பார்ப்பாள்.

"வெயில்ல வாடுனா பதறாதீங்க. சாயங்காலம் தானா நிமிந்துக்கும்."

நான் பதறவில்லை. வந்தவர்கள் பதறினார்கள். எங்கள் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு அப்படியே போய்விட மாட்டார்கள். ஏதாவது ஒரு வேலையைச் செய்து கொடுக்காமல் அவர்களுக்கு மனசு ஆறாது. நானோ லீவு போட்டுவிட்டு எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்ததால் அவர்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. காற்று வாங்க மாடிக்குப் போனவர்கள் கண்ணில் துவண்டு கிடந்த நாற்று பட்டது. பாடாலூரிலிருந்து வந்து தங்கியிருந்த என் அக்கா ஒரு சொம்பு ஊற்றினாள். பக்கத்து வீட்டம்மா ஒரு சொம்பு. மச்சினன் பெண்டாட்டி ஒரு சொம்பு. ஒருவர் ஊற்றியது அடுத்தவருக்குத் தெரியாது. தாம்பாளத்தில் தண்ணீர் தேங்கியிருந்ததை நான் பார்த்தேன், காலையில் தெளித்ததுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் இறக்கிக் கொண்டுவந்தபோது பாதிக்கு மேற்பட்ட நாற்றுகள் தண்டின் அடி அழுகிச் சாய்ந்து கிடந்தன. ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட அழாதவள் அழுதாள்.

"வாடிக் கெடந்துச்சே, பாவம்னு ஊத்துனேன் தம்பி," என்று அக்காவும் கண்ணைத் துடைத்தாள். நான் அவளைத் திட்ட வாயெடுத்தேன். மனைவி தடுத்தாள்.

"அண்ணிய ஏன் சொல்றீங்க? நீங்க என்னைய இப்படித்தான வச்சிருக்கீங்க? லேசா மூச்சு வாங்குனா ஓடியாந்து உக்கார வைக்கிறீங்க. படி ஏறலாம்னு டாக்டர் சொல்லி எத்தன நாளாச்சு?"

சுருக்கென்று தைத்தது. கோபமும் வந்தது. உனக்காகத்தானே என்று ஆரம்பித்தேன். இவள் போய்விடுவாளோ என்ற பயம் ஆபரேஷன் முடிந்தும் என்னை விடவில்லை. அதை அவளிடமே எப்படிச் சொல்வது?

பிழைத்த நாற்றுகளை விடாமல் பழக்கினோம். இப்போது அக்காவே படியில் உட்கார்ந்து காவல் காத்தாள், சொம்போடு வந்தவர்களை எல்லாம் விரட்டினாள். மத்தியானம் துவண்டவை சாயங்காலம் நிமிர்ந்தன. நாளாக ஆகத் தண்டு தடித்து இலை கருத்தது.

நடுகிற அன்று, வெயில் தாழ்ந்ததும் தாம்பாளத்தை மாடியில் வைத்துவிட்டு இறங்கினேன். படியடியில் அவள் நின்றிருந்தாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு.

"நீங்க பின்னால வரக் கூடாது. கூப்பிட்டா வாங்க."

ஏறினாள். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றேன். திருப்பத்தில் ஆள் மறைந்ததும் மெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. மூச்சு வாங்குவது எனக்கு நன்றாகக் கேட்டது. என் கால் ஒன்று தானாகப் படியில் ஏறியிருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தேன். 

 பிறகு மெட்டி கேட்டது, ஒரு படி, இன்னொரு படி. அப்புறம் தொட்டி மண்ணைக் கிளறுகிற சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேலேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க, தண்ணி கொண்டாங்க. ஒரு சொம்பு போதும்."