ஸ்றீற்காரில் போன கடைசி அடி

1998 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 12.40. ஆட்கள் இரண்டு: நான், என் அக்கா வசந்தி. அக்காவின் கைப்பையில் ரப்பர் வளையம் போட்ட பஸ் ரான்ஸ்பர்கள் பதினெட்டு.

ரொறன்ரோவுக்குப் புதியவர்களுக்கு: ரான்ஸ்பர் என்பது பஸ்ஸில் ஏறும்போது தரும் துண்டுச் சீட்டு. அடுத்த வண்டியில் அதைக் கொடுத்தால் திரும்பக் காசு கட்டத் தேவையில்லை. கொடுக்காமல் மிஞ்சுகிற சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் அக்கா கவிதை எழுதுவாள். வேலைக்குப் போகும் வழியில், ஒரு சீட்டுக்கு ஓர் அடி. யாழ்ப்பாணத்தில் அவள் கவிதைகள் பத்திரிகையில் வந்தன. இங்கே வந்து ஆறு வருடமாக ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. "நாளைக்கும் வாசிக்க ஏலாமப் போனா உதெல்லாத்தையும் குப்பையில போட்டிடுவன்," என்று முதல்நாளே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள்.

கென்சிங்ரன் சந்தையில் ஒரு பழைய புத்தகக் கடையில் பீட் எழுத்தாளர்களுக்காக ஒரு வாசிப்பு. இரண்டு மணிக்கு, இலவசம். வருகிறவர்களும் தங்கள் மொழியில் வாசிக்கலாம் என்று நூலக அறிவித்தல் பலகையில் பார்த்தேன்.

வீட்டடியில், வெக்ஸ்போர்ட்டில், வார்டன் பஸ் ஏறினோம். ஆளுக்கு இரண்டு டொலர்.

"பீட் எண்டா என்னடா?"

"அடி."

"ஆருக்கு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஐம்பதுகளில் அமெரிக்காவில் எழுதிய ஒரு கூட்டம். களைத்தவர்கள், அடிபட்டவர்கள் என்று தங்களையே சொல்லிக்கொண்டார்கள். தாளத்தின் அடியும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. வீதி வீதியாய் ஓடினார்கள், மூச்சு விடாமல் எழுதினார்கள், கோப்பிக்கடைகளில் சத்தமாக வாசித்தார்கள். நான் கணினி படித்தவன். அவர்கள் எழுத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. நிறுத்தக்குறி இல்லாத அந்த வசனங்களை ஒரு கணினியும் ஏற்காது.

"றோட்டில ஓடி ஓடி எழுதினவையாம். அப்ப வீட்டில சமைச்சது ஆர்?" என்றாள் அக்கா.

12.58க்கு வார்டன் சப்வே. ரயில் ஓடத் தொடங்கியதும் அக்கா அன்றைய ரான்ஸ்பரைத் திருப்பி மடியில் வைத்து எழுதினாள். வெட்டினாள். மறுபடி எழுதினாள். மூன்று தரம். யங் நிலையத்தில் தெற்கே போகும் ரயிலுக்கு மாறி, டன்டாஸில் இறங்கினோம். வெளியே குளிர். "இதைப் பிடி, கையுறை போடுறன்," என்று சீட்டை என் கையில் தந்தாள்.

வீதித் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்றீற்கார் பதினொரு நிமிடம் பிந்தி வந்தது. எனக்குக் காத்திருக்க வராது. இரண்டு சீட்டையும் ட்ரைவரிடம் நீட்டினேன். அவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, என்ன மொழி என்று கேட்டார். "தமிழ்" என்றேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள், உள்ளே போய்விட்டேன்.

1.55க்குக் கடை வாசலில் அக்கா பையைத் திறந்தாள்.

"கடைசித் துண்டு எங்க?"

ஸ்றீற்கார் ஸ்பதைனா வீதியைத் தாண்டி மேற்கே போய்விட்டிருந்தது.

"ட்ரைவரிட்டக் குடுத்திட்டன்."

"அறுவான்! அதுதானேடா முடிவு! மூண்டு தரம் வெட்டினது. எதை விட்டன், எதை வெட்டினன் எண்டு இப்ப எனக்கே தெரியேல்ல."

உள்ளே இருபது பேர் அளவில் இருந்தார்கள். முழங்கைகளில் கிழிந்த ஸ்வெற்றர் போட்ட ஒருவர் சின்ன மேளம் தட்ட, ஒரு மாணவி நின்றபடி வாசித்தாள். பெயர் எழுதினால் போதும், யாரும் எழும்பலாம், யாரும் திருத்த மாட்டார்கள். அந்த பீட் கூட்டம் விட்டுச்சென்றது இதைத்தான் என்று எனக்குப் பட்டது. புத்தகங்களைவிட இது எனக்கு விளங்கியது.

நான் எழுதிவைத்த அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். போகமாட்டாள் என்றுதான் நினைத்தேன். போனாள். கோட்டைக் கழற்றாமலே ஒவ்வொரு சீட்டாய் வாசித்தாள். மேளக்காரர் மெல்லத் தட்டத் தொடங்கினார். பதினெட்டாவது சீட்டு:

"இந்த ஊரில் கதவுகள் தாமாகவே திறக்கின்றன."

அதோடு நின்றாள். கை வெறும் பைக்குள் போனது. மேளமும் நின்றது.

நான் பின்வரிசையில் எழும்பினேன்.

"என் கைதான் இன்னும் சாவியைத் தேடுகிறது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னையே பார்த்தாள். பிறகு அந்த அடியைத் தன் குரலில் ஒருமுறை சொன்னாள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் கை தட்டினார்கள்.

திரும்பும்போது கேட்டாள்: "நீ வாசிச்சனியோ?"

"ஓம். பக்கத்திலதானே இருந்தனான்."

"அப்ப மற்றதுகள்?"

"குசினியில கரண்டி வைக்கிற லாச்சிக்குள்ளதானே வைக்கிறனி. எல்லாம் வாசிச்சனான்."

"கள்ளன்," என்று தோளில் ஓர் அடி போட்டாள். வார்டன் வரும்வரை கையை அங்கேயே வைத்திருந்தாள்.

இந்த வாசிப்புகளுக்குப் போக விரும்புகிறவர்கள் 12.10க்கே வெளிக்கிடுங்கள். ஞாயிறுகளில் ஸ்றீற்காரை நம்பவேண்டாம். இனி நான் செய்யப்போவது:

1. பதினெட்டுச் சீட்டையும் அந்தக் கடைசி அடியையும் தட்டச்சு செய்து இரண்டு பிரதி எடுப்பது.
2. அக்காவுக்கு எழுத ஒரு கொப்பி வாங்குவது. பாவிக்க மாட்டாள், தெரியும்.
3. அடுத்த வாசிப்புக்கு அவள் பெயரைப் பதிவது.
4. ரான்ஸ்பரை நீட்டுமுன் பின்பக்கம் பார்ப்பது.