தங்கபுஷ்பம் நின்ற பக்கம்

தங்கபுஷ்பம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மெஸ்ஸில் சமையல் செய்தவள். கண்ணில் நீரழுத்தம் கூடிப் பார்வை போனபின் தென்காசியில் வீட்டோடு கிடந்தாள். காய் நறுக்கவாவது வருகிறேன் என்று மெஸ்ஸுக்குச் சொல்லியனுப்பினாள், வரச் சொன்னார்கள். பஸ் ஏறி இறங்கிவிடலாம், ரோட்டைக் கடப்பதுதான் பெரும்பாடு. அதைப் பழக்கிவிட முஹ்ஸினா வந்தாள். பார்வையில்லாதவர்களுக்கு வெளியே நடமாடப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை.

வெள்ளைக் கோலை முன்னே நீட்டி நிற்கவும், வண்டிச் சத்தம் ஓய்ந்தபின் நேராக நடக்கவும் கற்றுக்கொடுத்தாள். "பாதி ரோட்டுல பயந்து திரும்பிராதீங்கக்கா. அப்பத்தான் திசை தப்பும்."

தனியாகப் போய்வரத் தொடங்கிய வாரம். சீசன் கூட்டம், சாரல் வேறு. காலையில் எதிர்ப்பக்கம் இறங்கி ரோட்டைக் கடக்க வேண்டும்; தென்காசிக்குத் திரும்பும் பஸ் மெஸ் வாசலிலேயே நிற்கும். வேலை முடிந்து அங்கே காத்திருந்தாள். யாரோ ஒருவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாங்கம்மா, நான் கொண்டு விடுதேன்."

"இல்ல, நான் பஸ்ஸுக்கு..."

ஹாரன் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. இழுத்துக்கொண்டே போனார். நடுவில் வண்டிக்கு ஒதுங்கித் திரும்பியது போலவும் இருந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, "பாத்துப் போங்க" என்று போய்விட்டார்.

எதிர்ப்பக்கம் வந்துவிட்டோமா, பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டாரா? ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பக்கத்து வண்டிகள் வலமிருந்து வந்தன. மெஸ் பக்கந்தான் என்று மனம் ஆறியது. அடுத்த நொடியே, எந்தப் பக்கம் நின்றாலும் அப்படித்தானே வரும் என்று உறைத்தது.

"இது எந்தப் பக்கம்?" என்று போகிறவளிடம் கேட்டாள்.

"இந்தப் பக்கந்தாம்மா."

"லாட்ஜ் மெஸ் எங்கன இருக்கு?" என்று இன்னொருவரிடம் கேட்டாள்.

"அங்கன" என்று கை காட்டிவிட்டுப் போனார் போலிருக்கிறது.  தங்கபுஷ்பத்துக்கு அழுகை வந்தது; அழுதால் இன்னும் நாலு பேர் கையைப் பிடிப்பார்களே என்று அடக்கிக்கொண்டாள்.

அப்போது அருகில் ஒரு பஸ் வந்து நின்றது. "செங்கோட்டை, செங்கோட்டை" என்று கண்டக்டர் கூவினார். தென்காசிக்கு எதிர்த்திசையில் போகிற பஸ்; அப்படியென்றால் இது எதிர்ப்பக்கம். மூச்சு வந்தது.

பஸ் போனபின் ரோட்டோரம் வந்தாள். சத்தம் ஓய்வதாக இல்லை. பக்கத்தில் வளையல் குலுங்கிற்று.

"கையப் பிடிக்க வேண்டாந்தாயி. வண்டி இல்லாதப்ப சொன்னாப் போதும்" என்றாள் தங்கபுஷ்பம்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண், "இப்பப் போங்க" என்றாள். கோலை நீட்டி நேராக நடந்தாள். கோல் மெஸ் படியில் தட்டியது.

மறுநாள் முஹ்ஸினா, பிடித்த கையை நோகாமல் விலக்க ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள்.

"நல்லது செய்ய வந்தவர எப்படி டீச்சர் உதறுதது?" என்றாள் தங்கபுஷ்பம்.

முஹ்ஸினா கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். இருவரும் மறுபடி ரோட்டோரம் போய் நின்றார்கள்.